ஃப்ரிட்ஜ் ரிப்பேர்: பாகம் மாற்றும் முன் ஸ்டிக்கரைப் படம் எடுங்க

"கம்ப்ரசர் போயிடுச்சு சார், மாத்தணும்." மெக்கானிக் இப்படிச் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். கம்ப்ரசரின் பக்கவாட்டில் ரிலே, ஓவர்லோட் என்று இரண்டு சின்ன பாகங்கள் செருகியிருக்கும். விட்டு விட்டு 'டிக்' சத்தம் மட்டும் வந்து மோட்டார் ஓடாமல் இருந்தால், கோளாறு அவற்றிலும் இருக்கலாம். முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

அடுத்தது, "கேஸ் தீர்ந்துடுச்சு." ஃப்ரிட்ஜ் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் பணம் வீண். ஃப்ராஸ்ட்-ஃப்ரீ மாடலில் மேலே ஐஸ் கட்டி, கீழே மட்டும் கூலிங் இல்லையா? டிஃப்ராஸ்ட் ஹீட்டர், சென்சார், உள் ஃபேன் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கதவு ரப்பரை நீங்களே சோதிக்கலாம். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் பிடிப்பு இல்லை. அழுக்கைத் துடைத்தும் சரியாகாவிட்டால் மாற்றலாம்.

பாகம் வாங்க லிட்டர் கணக்கு போதாது. உள்சுவரிலோ பின்பக்கமோ உள்ள ஸ்டிக்கரைப் போனில் படம் எடுங்கள். மாடல் எண், சீரியல் எண், கேஸ் வகை எல்லாம் அதில் இருக்கும். கேஸ் ஆர்600ஏ என்றால் கூடுதல் கவனம் தேவை. அது தீப்பற்றும் ஐசோபியூட்டேன். ஆர்134ஏ கம்ப்ரசரை அதற்குப் பதிலாகப் பொருத்தக் கூடாது. கேஸ் இருக்கும்போது குழாயில் பற்றவைப்பதும் ஆபத்து.

கம்ப்ரசருக்கு 10 வருட வாரண்டி என்றாலும், பல நிறுவனங்களில் அந்தப் பாகம் மட்டுமே இலவசம். கேஸ், கூலி தனி. வேலை தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பாகத்தையும், பாகத்தின் பெயர் எழுதிய பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

நிறுவனம் வாரண்டியை மறுத்தாலோ, ஸ்பேர் தராமல் இழுத்தடித்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது.