இரண்டு பெயரையும் எழுது

நெருப்பெரிச்சல்

அன்புள்ள கண்ணுவுக்கு,



ஜூலை 26 கார்கில் நாளுக்கு நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் மேஜர் சரவணனைப் பற்றிப் பேசச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். பி.எட். பயிற்சிக்கு வந்த இடத்தில் முதல் பேச்சே இதுவாக அமைந்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் சினிமா வசனம் மாதிரி முழங்கிவிட்டு இறங்கிவிடாதே சாமி.

முதலில் ஆளைச் சொல்லு. 1972-இல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர். அப்பாவும் ராணுவ அதிகாரி. திருச்சி புனித வளனார் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1995-இல் ராணுவத்துக்குப் போனார். இறந்தபோது வயது 26. உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட.

கார்கில் போர், 1999 மே 29. படாலிக் பகுதியில் ஜூபார் மலை, 14,000 அடி உயரம். மேலே பதுங்கு குழிகளில் எதிரி, கீழேயிருந்து ஏறுகிறவர்களுக்கு ஒதுங்க மறைவில்லை. சரவணன் முன்னால் போய் ராக்கெட் லாஞ்சரால் பதுங்கு குழியை அடித்தார். வயிற்றில் காயம்பட்டும் திரும்பவில்லை, அங்கேயே விழுந்தார். நிற்காத சூட்டில் உடலை எடுக்க முடியவில்லை. ஜூலையில்தான் மீட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அந்தத் தாய் பிள்ளையின் உடலுக்காகக் காத்திருந்தார். இந்த இடத்தில் குரலை உயர்த்தாதே, மெதுவாகச் சொன்னாலே குழந்தைகளுக்குப் புரியும்.

இனிமேல் சொல்வதைத்தான் நீ விட்டுவிடக் கூடாது. சரவணன் இருந்தது பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். அதே நாளில் அதே மலையில் உயிர்விட்ட நாயக் கணேஷ் பிரசாத் யாதவ் பீகார்க்காரர். இருவருக்குமே மறைவுக்குப் பின் வீர் சக்ரா கொடுத்தார்கள். சரவணனுக்குத் திருச்சி கன்டோன்மென்ட்டில் நினைவுத்தூண் இருக்கிறது. கணேஷ் பிரசாத்தின் பெயரை நம் பக்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நம்மூரைப் பார். பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மிஷினில் உட்காருவதும், பிசிறு வெட்டுவதும், பெட்டி கட்டி வண்டியில் ஏற்றுவதும் நிறைய பீகார், ஒடிசா ஆட்கள்தானே. லைன் வீடுகளிலிருந்து அவர்கள் குழந்தைகள் உன் வகுப்புக்கு வரும். நம்ம பசங்களைப் போலவே கொங்குத் தமிழில் பேசும். ஆனாலும் 'வடக்கன்' என்று மற்றவர்கள் கூப்பிடுவது உன் காதில் விழத்தான் போகிறது. பெரியவர்களே டீக்கடையில் அப்படிப் பேசும்போது எனக்கு வயிறு எரிகிறது. நம்ம திருச்சிப் பையன் உயிரை நம்பி ஒப்படைத்து அந்த மலை ஏறியது பீகார்க்காரர்களோடுதான்.

அதனால் கரும்பலகையில் இரண்டு பெயரையும் ஒரே அளவில் எழுது. கணேஷ் பிரசாத் யாதவ் என்பதை அந்தப் பிள்ளைகளில் ஒருத்தரை எழுந்து படிக்கச் சொல்லு. மறக்காமல் செய் கண்ணு. பேச்சை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்புச்சி