சிறு பெட்டிக்கு ஏற்ற செயலி

எஸ். பி. ரோட்டை அறியாத மாணவர் பெங்களூரில் அரியர். டவுன் ஹாலுக்கு அருகே, நடக்கவும் இடமில்லாத அந்தத் தெருவில், சென்ற ஆண்டு ஒரு மாலை நானும் என் அறை நண்பரும் கம்ப்யூட்டர்ப் பாகங்கள் வாங்கச் சென்றோம். ஊரில் அவருடைய அக்கா தையற்கூலியில் சேர்த்து அனுப்பிய பணம் அது. படிப்பிற்கும், இரவில் சிறிது விளையாட்டிற்கும் உதவும்படி, விடுதி மேசையில் அடங்கும் சிறு பெட்டி ஒன்றை அமைப்பது எங்கள் திட்டம். "விலை குறைவு, ஆறு கோர் இருக்கிறது, இதையே வாங்குங்கள்" என்று சொன்னவன் நானே. இரவு பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் பூட்டி விசையை அழுத்தினோம். விசிறி சுழன்றது, திரையோ இருண்டே கிடந்தது. நாங்கள் வாங்கிய செயலியில் படம் காட்டும் உறுப்பே இல்லை! உறை பிரித்த பொருளைக் கடைக்காரர் திரும்பப் பெறவில்லை. நண்பர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்றும் என்னை உறுத்துகின்றது. அன்று நான் கற்காமல் விட்டதை இங்கு எழுதுகின்றேன்.

விளையாட்டில் ஓடும் காட்சிகளை வரைவதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வாங்குவது ஒரு வழி. நம் போன்றோர் பைக்கு அது எட்டாது. சிறு பெட்டிக்குள் அதற்கு இடமும் இராது. செயலிக்குள்ளேயே அவ்வுறுப்பை அமைத்து விற்பது மற்றொரு வழி. எது உள்ளது, எது இல்லாதது என்பதைப் பெயரின் ஈற்றெழுத்து காட்டும். இன்டெல் ஐ5-12400 என்றால் உண்டு. 12400எஃப் என்றால் இல்லை. ஏ.எம்.டி.யின் ரைசன் 5600 என்றால் இல்லை. 5600ஜி என்றால் உண்டு. ஓரெழுத்தால் பொருள் மாறும் என்பதைத் தமிழ் மாணவர்க்கு விளக்கவும் வேண்டுமோ? ஆயினும் நான் ஏமாந்தேன்.

உறுப்பு இருந்தால் மட்டும் போதாது. அதன் வலிமையையும் பார்க்க வேண்டும். 12400-இல் உள்ளது படம் பார்க்கவும் பாடம் எழுதவும் போதும்; விளையாட்டிற்கு மெலிந்தது. ரைசன் 7600-இல் இருப்பதும் அவ்வாறே. 2021-இல் வந்த 5600ஜி, வேகா வகையைச் சேர்ந்த ஏழு கணிப்பகுதிகள் கொண்டது. வாலரண்ட், டோட்டா போன்றவற்றைத் தாழ்ந்த அமைப்பில் நன்றாகவே ஓட்டும். 2024 சனவரியில் வந்த 8600ஜி-இல் புதிய வகைப் பகுதிகள் எட்டு உள்ளன. அதனுடன் வந்த 8500ஜி-இல் நான்கே! பெயரில் நூறுதான் குறைவு. படம் வரையும் ஆற்றலோ பாதியளவு. கடையில் இவ்விரண்டையும் ஒன்றுபோல் பேசுவார்கள், எச்சரிக்கை.

இனி, பலரும் கவனியாத செய்திக்கு வருவோம். தனிக் கார்டுக்குச் சொந்த மெமரி உண்டு. உள்ளமைந்த உறுப்போ நாம் மதர்போர்டில் செருகும் ராமையே பங்கிட்டுக் கொள்ள வேண்டும். ஒரு ராமின் பாதை 64 பிட் அகலம், அதாவது ஒரு தடவைக்கு 8 பைட். டி.டி.ஆர்.4-3200 என்பது விநாடிக்கு 3200 மில்லியன் தடவை. பெருக்கினால் விநாடிக்கு 25.6 ஜிகாபைட். இரண்டு ராம்களை உரிய துளைகளில் செருகினால் 51.2. ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 என்னும் எளிய கார்டுக்கே 224 உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். நம் விடுதிச் சமையற்கூடத்தில் ஏழு பேர் சமைக்க, அரிசியும் காயும் ஒரே குறுகிய வாயில் வழியாக வந்தால் என்ன ஆகும்? கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். 5700ஜி வாங்கி எட்டாம் ஆளைச் சேர்த்தாலும் வாயில் அதே வாயில்தான். விளையாட்டிற்காக மட்டும் அதற்குக் கூடுதல் விலை தருவது வீண் என்பது என் கருத்து.

ஆகவே, 16 ஜிகாபைட் ராம் ஒன்று வாங்காமல், 8 ஜிகாபைட் ராம் இரண்டு வாங்குக. 2025 இறுதியில் மெமரி விலை ஏறியதிலிருந்து, "இப்போது ஒன்று போதும் தம்பி, மற்றது பிறகு" என்று அறிவுரை கூறுவோர் மிகுந்துள்ளனர். நான் என் பெட்டியில் ஒன்றுடன் மூன்று மாதம் ஓட்டினேன். இரண்டாவதைச் செருகிய அன்றுதான் அதே விளையாட்டு நொண்டாமல் ஓடியது.

பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். ஏஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்300 என்பது 15.5 செ.மீ. சதுரமும் 8 செ.மீ. உயரமும் கொண்டது, ஒரு தடித்த அகராதி அளவே இருக்கும். 5600ஜி அதில் அமரும். ஆனால், செயலியுடன் இலவசமாக வரும் விசிறி 54 மி.மீ. உயரம், பெட்டி இடம் தருவது 46 மி.மீ. தனி விசிறிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். லேப்டாப் ராம்தான் பொருந்தும். பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு சேர்க்க வழியும் இல்லை. அந்த ஆசை உள்ளவர் 17 செ.மீ. சதுரமான மினி ஐ.டி.எக்ஸ். போர்டை நாடலாம்; விலை சற்று ஏறும்.

8600ஜி-க்கு ஏ.எம்.5 போர்டும் டி.டி.ஆர்.5 ராமும் வேண்டும், செலவு பெரிது. பணம் உள்ளவர் வாங்கட்டும். நான் 5600ஜி-யையே சொல்வேன்.

என் நண்பர் அந்தச் செயலியை நட்டத்திற்கு விற்றார். குறைந்த தொகையில் பாதியை நான் தந்தேன். மிகவும் வற்புறுத்திய பின்னரே பெற்றுக்கொண்டார். மீண்டும் எஸ். பி. ரோடு சென்றபோது, கடை மேசையிலேயே போர்டில் பூட்டி, திரையில் ஒளி வந்ததைக் கண்ட பிறகே பணம் எண்ணினோம். கடைக்காரர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.