சரக்கறிவுப் பாடம்: கிட்டார் ட்யூனர் – கிளிப்பா, பெடலா?



குமாரபாளையம் என்றால் லுங்கியும் துண்டும் நூலும்தான் என்று வெளியூரார் நினைப்பார்கள். மளிகை, ஸ்டேஷனரி, ஃபேன்சி, செல்போன் உதிரி என்று சில்லறைக் கடை வைத்திருக்கும் நமக்குத்தான் தெரியும், நம் கல்லாவில் கல்லூரி விடுதி மாணவர்களின் பங்கு எவ்வளவு என்பது. கல்லூரி திறந்ததும் பக்கெட், சோப்பு, பூட்டு வாங்க வருகிற பையனின் தோளில் இப்போது கிட்டார் பையும் தொங்குகிறது. “ஏனுங்ணா, ட்யூனர் இருக்குங்களா?” என்று கேட்கிறான். “ஈரோட்டுல கேளு தம்பி” என்று அனுப்பிவிடுகிறோம். அவன் ஈரோடு போவதில்லை. செல்போனில் ஆர்டர் போட்டு விடுதி வாசலிலேயே வாங்கிக்கொள்கிறான். கையில் வந்த வியாபாரம் போகிறது.

அதற்காக விவரம் தெரியாமல் வாங்கி அடுக்கினாலும் நஷ்டம்தான். எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறோம். பவானிப் பக்கம் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் ட்யூனர் கேட்டார். இருந்தது கிளிப் ட்யூனர் மட்டும்தான். எங்கே வாசிக்கிறீர்கள், என்ன கிட்டார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்து, சில நூறு ரூபாயைக் கல்லாவில் போட்டோம். கோயில் பண்டிகைக் கச்சேரியில், பக்கத்தில் டிரம்ஸ், பின்னால் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள். ட்யூனர் ஒரு சுரத்தில் நிற்காமல் தாவிக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் பாட்டே சுருதி சேராமல் ஆரம்பித்ததாம். மறுநாள் வந்து, “இது ஆவாதுங்க” என்று மேசை மேல் வைத்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பெட்டி பிரித்த சரக்கு என்று மொத்த வியாபாரி திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கருவியில் குற்றமில்லை. கேட்காமல் விற்ற எங்கள் மீதுதான் குற்றம்.

ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் பார்ப்போம். நம் தராசு எடை காட்டுவதுபோல ட்யூனர் சுருதியைக் காட்டும். கம்பி வினாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று எண்ணி, அது எந்தச் சுரம், எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று சொல்லும். வினாடிக்கு ஒரு அதிர்வு என்பதை ஒரு ஹெர்ட்ஸ் என்பார்கள். கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி அதில் சரிபாதி, சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸ் என்றால் இன்னும் கீழே, சுமார் 31. ஒரு சுரத்துக்கும் அதற்கு அடுத்த அரைச் சுரத்துக்கும் உள்ள இடைவெளியை 100 பங்காக்கி, ஒரு பங்கை ஒரு சென்ட் என்கிறார்கள். நல்ல ட்யூனர் ஒரு சென்ட் வித்தியாசத்தைக்கூடக் காட்டும்.

இந்தக் கருவிக்கு வயது அதிகமில்லை. முன்பெல்லாம் சுருதிக் கவை ஒன்றைத் தட்டிக் காதில் வைத்துக்கொள்வார்கள். 1711இல் ஜான் ஷோர் என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர் செய்தது அது. நம் ஊர்க் குழுக்கள் ஆர்மோனியத்தை வைத்தே சேர்த்துக்கொண்டன. 1975இல் ஜப்பானின் கோர்க் நிறுவனம் கையில் எடுத்துப்போகும் முள் ட்யூனரைக் கொண்டுவந்தது. காலால் மிதிக்கும் பெடல் ட்யூனரை மேடைதோறும் கொண்டுசேர்த்தது, பாஸ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட டியு-2. அதன் அடுத்த மாடலான டியு-3 வந்தது 2010இல். கிளிப் ட்யூனர் மலிவாகிப் பரவியது அதை ஒட்டிய ஆண்டுகளில்தான்.

கிளிப் ட்யூனர் துணி கிளிப்பைப் போலக் கிட்டாரின் தலைப்பகுதியைக் கவ்விக்கொள்ளும். அது காதால் கேட்பதில்லை. மரத்தின் அதிர்வை உணர்கிறது. ஆகவே ஒயர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். சாதாரண மரக் கிட்டாருக்கு இதைவிடத் தோதானது இல்லை. மின் கிட்டாரில் ஒலியை அடியோடு குறைத்துவிட்டும் சுருதி பார்க்கலாம், மரம் அதிர்ந்தால் போதும். இதன் பலவீனமும் அந்த மரம்தான். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த சுரம் தலைப்பகுதிக்குப் போய்ச் சேரும்போது பலமிழந்துவிடுகிறது. மேடையில் டிரம்ஸ் அதிர்வும் ஸ்பீக்கர் அதிர்வும் அதே மரத்தில் ஏறிக்கொள்கின்றன. லாரி போகும்போது தராசு முள் ஆடுகிற மாதிரிதான். பேஸ் வாசிப்பவர் கிளிப்தான் வேண்டும் என்றால், பன்னிரண்டாவது கட்டில் கம்பியை மெல்லத் தொட்டு மீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சுரம் ஒரு ஸ்தாயி மேலே வரும், கருவி எளிதாகப் பிடித்துக்கொள்ளும். சில மாடல்களில் மைக் முறை, அதிர்வு முறை இரண்டும் இருக்கும். மைக் முறையில் கிடந்தால் கடைத்தெரு இரைச்சலெல்லாம் சுரமாகத் தெரியும். “ரிப்பேர்” என்று திரும்பி வருவனவற்றில் இதையும் பாருங்கள்.

பெடல் ட்யூனர் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் ஒயரில் உட்காரும் உலோகப் பெட்டி. கிட்டாரின் மின்சாரச் சைகையை மட்டுமே படிப்பதால், பக்கத்தில் செண்டை மேளம் அடித்தாலும் கவலையில்லை. தாழ்ந்த பேஸ் சுரத்தையும் தெளிவாகப் பிடிக்கும். காலால் ஒரு மிதி மிதித்தால் ஒலி அடங்கி விளக்கு எரியும். கூட்டத்துக்குக் கேட்காமல் சுருதி சேர்த்து, மறுபடி மிதித்து வாசிக்கலாம். இருட்டு மேடையிலும் தெரியும். ஆனால் பிக்கப் இல்லாத மரக் கிட்டாருக்கு இது ஒரு செங்கல்தான். ஒயர் குத்த இடமே கிடையாது. விலையும் ஆயிரங்களில். இந்த இரண்டையும் சொல்லாமல் விற்றால் சண்டை நிச்சயம்.

பெடலில் இன்னொரு ஆபத்து அடாப்டர். பெரும்பாலான பெடல்கள் கேட்பது 9 வோல்ட், அதுவும் பின்னின் நடுப்பகுதி மைனஸாக இருக்க வேண்டும். நம் டிராயரில் கிடக்கும் செட்டாப் பாக்ஸ் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பிளஸ். பின் அழகாகப் பொருந்தும், கருவி போய்விடும். மேலே சொன்ன அதே பேஸ்காரர் பிறகு எங்களிடமே பெடல் வரவழைத்தார். அடாப்டரை டிராயரிலிருந்து எடுத்து நீட்டினோம். அதன் மேல் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “இதப் போட்டா பொகைஞ்சுருமுங்க” என்றார். அவர் பார்க்காமல் போயிருந்தால் ஆயிரக்கணக்கில் எங்கள் தலையில்தான் விடிந்திருக்கும். அதுபோல, உள்ளே 9 வோல்ட் பேட்டரி போடும் மாடல்களில் பொதுவாகக் கிட்டார் ஒயரைக் குத்தியதுமே மின்சாரம் ஓட ஆரம்பிக்கும். வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காலையில் பேட்டரி தீர்ந்திருக்கும்.

எனவே ட்யூனர் கேட்டு வருகிறவரிடம் முதல் கேள்வி: “ஒயர் குத்தி மேடையில வாசிக்கறீங்களா, ரூம்ல வாசிக்கறீங்களா?” ரூமில் பழகுகிறவருக்கு கிளிப். மேடைக்காரருக்கு, அதிலும் பேஸ்காரருக்கு, பெடல். அமைதியான அறையில் மட்டும் வாசிக்கிற பையனுக்குச் செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் செயலியே போதும் என்பதும் உண்மை. அதைச் சொல்ல மனம் வராதுதான். சொல்லிப் பார்த்தோம். அந்தப் பையன் கம்பி வாங்கவும் பிக் வாங்கவும் எங்கள் கடைக்கே வருகிறான்.

கோயில், கச்சேரி வட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் “சுருதிப் பெட்டி” என்று கேட்டால் ட்யூனரை நீட்டிவிடாதீர்கள். சுருதிப் பெட்டி விடாமல் ஒலிக்கும். ட்யூனர் ஊமை, காட்ட மட்டும் செய்யும். நம் இசையில் 1 கட்டை என்பது ட்யூனரில் சி, 5 கட்டை என்பது ஜி. இவ்வளவுக்கு அது உதவும். மேற்கொண்டு ஒவ்வொரு சுரத்தையும் வித்வான்கள் தம்பூரா ஒலியோடு காதால்தான் சேர்ப்பார்கள். தம்பூரா ஒலியிலேயே இழைகிற அந்தர காந்தாரம், ட்யூனர் காட்டும் அளவைவிடச் சுமார் 14 சென்ட் கீழே இருக்கும். கருவி தப்பு என்பார் அவர், நீங்கள் விழிப்பீர்கள்.

கொடுக்கும் முன் கடையிலேயே ஆன் செய்து பாருங்கள். திரையில் 440 என்று இருக்க வேண்டும். நடு ஏ சுரத்துக்கு உலகம் ஒப்புக்கொண்ட அளவு அது. பொத்தான் தவறி அழுந்தினால் 438, 442 என்று மாறிவிடும். காலையில் தராசில் பூஜ்யம் பார்க்கிறோமே, அந்த மாதிரி.

இனிச் சொல்லப்போவது கிட்டார் விற்காத மளிகைக்காரருக்கும் உரியது. பல கிளிப் ட்யூனர்களுக்குள் இருப்பது சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். இதைக் குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் ஓடிக் காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தசையை அரித்துப் புண்ணாக்கிவிடும். உயிருக்கே ஆபத்து. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வெளியே வந்துவிடும் என்று காத்திருக்கவும் கூடாது. உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நம்மில் பலர் இந்த பேட்டரி அட்டையை மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில், குழந்தை கை எட்டும் ஆணியில்தான் தொங்கவிடுகிறோம். இன்றே மேலே மாற்றுங்கள். கழற்றிய பழைய பேட்டரியிலும் இந்த ஆபத்து உண்டு. அதன் இரு பக்கமும் டேப் ஒட்டித் தனி டப்பாவில் போடுங்கள். யுஎஸ்பி ஒயரில் சார்ஜ் ஏறும் கிளிப் ட்யூனர்களும் வருகின்றன. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதையே சொல்லுங்கள்.

கொள்முதலில் ஓர் எச்சரிக்கை. எடைத் தராசுக்குப் போல ட்யூனருக்கு முத்திரை தேவையில்லை. ஆனால் அது வரும் பெட்டிக்கு 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் உண்டு. வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம், ஆண்டு, வரி உட்பட அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய முகவரி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் பையில் மலிவாக வருவதை வாங்கி மாட்டினால், சோதனைக்கு வருகிறவர் முதலில் கேட்பது கடைக்காரரைத்தான்.

இருப்பு வைப்பதில் எங்கள் வழக்கத்தைச் சொல்கிறோம். கிளிப் ட்யூனர் கல்லூரி திறக்கும்போது நான்கைந்து, மற்ற மாதங்களில் இரண்டு. கூடவே பேட்டரி, கம்பி, பிக். பெடல் இருப்பே வைப்பதில்லை. பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டு வரவழைக்கிறோம். வந்ததும் அவருடைய கிட்டாரையும் ஒயரையும் கடைக்கே கொண்டுவரச் சொல்லி, குத்திப் பார்த்து, பில்லில் மாடல் எண்ணையும் அடாப்டரின் வோல்ட்டையும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே மீதிப் பணத்தை வாங்குகிறோம்.