காட்டைக் காப்பவர் யார்?

முன்னுரை

காடு நாட்டின் செல்வம் என்று சிறு வகுப்பிலிருந்தே நாம் படித்து வருகிறோம். ஆனால் அக்காட்டுக்குள் காலங்காலமாக வாழ்ந்து வரும் மக்களைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? காட்டைக் காப்பதற்காக அவர்களை விலக்கி வைப்பது முறையா? விடை காணச் சோளகரின் மலைக்குச் செல்வோம், வாருங்கள் தோழியரே.

சோளகரும் அவர்தம் மலையும்

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், நம் சத்தியமங்கலம் காடுகளை அடுத்து உள்ளது பிலிகிரிரங்கன் மலை. இங்கு வாழும் பழங்குடியினர் சோளகர். தமிழகப் பக்கத்துக் காடுகளிலும் இவர்கள் வாழ்கின்றனர். தேன், நெல்லிக்காய், பாசி முதலியவற்றைச் சேகரிப்பது இவர்களது பிழைப்பு. 'தொட்ட சம்பிகே' எனப்படும் முதுபெரும் சண்பக மரமே இவர்களுக்குக் கோயில். புலியையும் இவர்கள் தெய்வமாக வணங்குவர்.

1974ஆம் ஆண்டில் இம்மலை வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. வேட்டையும், இடம் மாற்றிப் பயிர் செய்யும் முறையும் தடுக்கப்பட்டன. காட்டுக்குள் சிதறி வாழ்ந்த குடும்பங்கள் ஓரிடத்தில் குடியமர்த்தப்பட்டன. வனவிலங்குச் சட்டம் 2002ஆம் ஆண்டு திருத்தப்பட்டபின், தேனும் நெல்லியும் சேகரித்து விற்பதும் தடைப்பட்டது. கையில் இருந்த தொழில் போனால் அடுப்பு எப்படி எரியும்?

அனுபவ அறிவு

சோளகர் கோடையின் தொடக்கத்தில் சருகுகளுக்குச் சிறு தீ வைப்பது வழக்கம். தீங்கு எனக் கருதி அதுவும் நிறுத்தப்பட்டது. பின்னர் உண்ணிச்செடி காடெங்கும் புதராக மண்டிற்று, புல் குறைந்தது. நெல்லி மரங்களில் புல்லுருவி படர்ந்து அவற்றை வாட்டியது. "சிறு தீ இவற்றை அடக்கி வைத்திருந்தது; அதை நிறுத்தியதே காரணம்" என்பது சோளகர் கருத்து. ஆராய்ச்சியாளர்களும் இதனைக் கருத்தில் கொண்டு ஆராயத் தொடங்கினர். ஏட்டில் எழுதப்படாத அறிவும் அறிவே என்பதற்கு இது நல்ல சான்று.

சட்டம் திறந்த வழி

2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், பழங்குடியினருக்கு இழைக்கப்பட்ட 'வரலாற்று அநீதி' என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. உழும் நிலத்துக்கும், காட்டு விளைபொருளுக்கும், காட்டைப் பேணும் பணிக்கும் அது உரிமை வழங்கியது. மணமானவர்க்கு உரிமைப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்படும். கிராம சபையின் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருத்தல் வேண்டும். பெண்களாகிய நாம் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இம்மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சோளகர் அஞ்சினர், எனினும் ஒன்றுகூடிச் சட்டப்படி கேட்டனர். அதே ஆண்டு அவர்களுடைய சமூக வன உரிமை ஏற்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் இவ்வுரிமை பெற்ற முதல் மக்கள் இவர்களே. மனிதர் இருந்தால் புலி அழியும் என்றனர் சிலர். ஆனால் 2010ஆம் ஆண்டுக் கணக்கைவிட 2014ஆம் ஆண்டுக் கணக்கில் அங்குப் புலிகள் ஏறத்தாழ இரு மடங்காயின!

செய்ய வேண்டுவன

உரிமைப் பத்திரம் மட்டும் போதாது. முதலாவதாக, எல்லை வகுக்கும் முன்பே கிராம சபையின் இசைவைப் பெறவேண்டும். முடிவு செய்தபின் அறிவிப்பது கலந்துரையாடல் ஆகாது. இரண்டாவதாக, சுற்றுலா வருவாயில் அம்மக்களுக்கும் பங்கு வேண்டும். மூன்றாவதாக, காட்டைப் பேணும் திட்டம் வகுக்கும்போது அவர்களும் சமமாக அமர வேண்டும். 2022ஆம் ஆண்டில் மாண்ட்ரியல் நகரில் கூடிய நாடுகள், 2030ஆம் ஆண்டுக்குள் உலக நிலப்பரப்பில் 30 விழுக்காட்டைக் காக்க உறுதி பூண்டன. பழங்குடியினர் உரிமையை மதித்தே அதனைச் செய்ய வேண்டும் என்றும் கூறின. அந்தச் சொல் செயலாகாவிடில், 1974இல் சோளகர் பட்ட துன்பத்தை வேறு பல மக்களும் படுவர்.

முடிவுரை

வீட்டைக் காக்க வந்தவர் வீட்டாரையே வெளியே நிறுத்துவது எவ்வகை நீதி? காட்டைக் காப்போம், அங்குள்ள மக்களோடு சேர்ந்தே காப்போம். அடுத்த முறை மலைத் தேனைச் சுவைக்கும்போது, அதை எடுத்து வந்த கைகளையும் ஒரு கணம் நினைப்போமாக.