சாயலும் சான்றே

நுழையும்முன்
பழமையானது எதுவும் காக்கத் தக்கதே என்பதை எளிதில் ஏற்கிறோம். பழமையைப் போலக் கட்டப்பட்ட ஒன்றை என்ன செய்வது?

மல்லாங்கிணற்றிலிருந்து மதுரைக்குச் செல்லும் மாணவர் எவரும் திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களையும் வளைவுகளையும் கண்டு வியப்பர். 1636இல் எழுப்பப்பட்ட அம்மாளிகை பிற்காலத்தில் சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் அதனைச் செப்பனிட முனைந்தார். அப்பணியில் ஈடுபட்ட கட்டடக் கலைஞர் இராபர்ட் சிஸ்ஹோம், பின்னர்ச் சென்னைச் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகச் செனட் இல்லத்தை வடிவமைத்தார். பழைய மாளிகையைப் பழுதுபார்த்தவரே புதிய கட்டடத்திற்குப் பழமைத் தோற்றம் தந்தார்.

முகலாயர் குவிமாடம், இந்தியத் தூண், ஐரோப்பியக் கூடம் ஆகியவற்றைக் கலந்த இப்பாணி இந்தோ சாரசனிக் எனப்பட்டது. ஆங்கிலேய அரசு தன்னை இம்மண்ணின் அரசர்களுடைய வாரிசாகக் காட்டிக்கொள்ள இப்பாணி உதவியது. ஆகவே, இது வெறும் வேடம், அதுவும் அயலார் புனைந்த வேடம், இதனைக் காப்பானேன் என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியைப் புறந்தள்ள இயலாது.

சென்னை அண்ணா சாலையில் நிற்கும் பாரத் காப்பீட்டுக் கட்டடம் இக்கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டு சென்றது. 1897இல் ஒரு மருந்து வணிக நிறுவனத்திற்காகக் கட்டப்பட்ட அதனை வடிவமைத்தவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். மருந்துக் கடைக்கு அரண்மனைக் கோபுரங்கள் எதற்கு என்று இன்று நகைக்கலாம். அன்றைய வணிகரின் பெருமித உணர்வை அக்கோபுரங்களே சொல்லுகின்றன. பிற்காலத்தில் கட்டடம் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் உடைமையாயிற்று. 2006இல் அதனை இடிக்கும் பணி தொடங்கியபோது, இன்டாக் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2010இல் உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வழங்கிய அந்நீதிமன்றமும் 1892 முதல் இதே பாணியிலான கட்டடத்தில்தான் இயங்கி வருகிறது; அதன் கட்டுமானத்திலும் ஸ்டீபன்ஸுக்குப் பங்குண்டு.

தீர்ப்பு சுவரைக் காத்தது, கூரையை வேயவில்லை. அதன்பின்னும் பல ஆண்டுகள் அக்கட்டடம் பாழடைந்தே நின்றது. இடிக்கக் கூடாது என்று உரிமையாளருக்குச் சொல்லும் சமுதாயம், செப்பனிடும் செலவை யார் ஏற்பது என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா?

இழப்பின் அளவை மூர் சந்தை காட்டும். 1900இல் திறக்கப்பட்டு, பழைய நூல்களைத் தேடுவோரின் புகலிடமாக விளங்கிய அச்சந்தை 1985இல் தீக்கிரையானது. அவ்விடத்தில் இன்று புறநகர் இரயில் நிலைய வளாகம் உள்ளது. பயணிகளுக்கு அது பெரும்பயன் தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஏழை மாணவர் குறைந்த விலைக்கு நூல் வாங்கிய அக்கடைவரிசை அங்கு மீளவில்லை.

இவற்றின் வடிவம் இரவல் எனினும் வேலைப்பாடு இரவலன்று. செங்கல்லை அடுக்கி வளைவு அமைத்ததும், சுண்ணாம்பை அரைத்துப் பளிங்குபோல் மெழுகியதும் இந்நாட்டுக் கொத்தர்களின் கைகளே. விருதுநகர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்டு ஆலைக்குச் செல்கிறது. சுண்ணாம்புச் சாந்தின் பக்குவம் அறிந்த கொத்தரோ அருகிவிட்டனர். சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 சனவரியில் தீப்பற்றிச் சிதைந்தபோது, பொதுப்பணித் துறை அதனை இடித்துவிடாமல் மரபு முறையில் புதுப்பித்தது. அதற்கெனச் சுண்ணாம்புச் சாந்து மீண்டும் அரைக்கப்பட்டது. பின்னர்த் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்குக் குடியேறியது.