கூரைக்கடியில் வேலையா? நீங்களே சேஃப்டி ஆபீசர்!

ஓசூர் சாலையில், சந்தாபுராவைச் சுற்றி மாடிமேல் ஷீட் போட்ட அறைகளில் குடியிருக்கும் தமிழர்கள் ஏராளம். பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர்களுக்குப் பகல் தூக்கம்தான் பெரும்பாடு. பெங்களூரு குளிர்ந்த ஊர் என்ற பேச்சு ஷீட்டுக்கு அடியில் எடுபடாது; 2016 ஏப்ரல் 24 அன்று நகரில் 39.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. மார்கழியிலோ, சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகக் குளிர்காற்று இறங்கும். அதனால் லீவு நாளில் பலர் தாங்களே வெப்பத்தடுப்பு வேலையில் இறங்குகிறார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் கம்பெனியில் ஹெல்மெட் இல்லாமல் கேட்டைத் தாண்டாதவர், சொந்த வீட்டில் பனியனோடு ஏணி ஏறுகிறார். அங்கே கவனிக்க ஆள் உண்டு. இங்கே அந்தப் பொறுப்பும் உங்களுடையதே.

1. எந்த ஷீட் என்று பாருங்கள்

தகர ஷீட் என்றால் தொடரலாம். சாம்பல் நிற சிமெண்ட் ஷீட் என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அது இன்னும் விற்பனையில் இருக்கிறது. அதன் தூள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். எனவே துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். சுவரில் சட்டம் அடித்து, ஷீட்டைத் தொடாமல் கீழே தனியாக ஃபால்ஸ் சீலிங் கட்டுங்கள்.

மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பதென்றால், ஷீட்டின் நடுவில் கால் வைக்கவே கூடாது. பழைய சிமெண்ட் ஷீட் சொல்லாமல் உடையும். கீழே ஷீட்டைத் தாங்கும் பர்லின் போகும் வரிசைகளுக்குக் குறுக்கே அகலப் பலகை போட்டு, இடுப்பில் பெல்ட்டும் கயிறும் மாட்டிக்கொண்டு, அதன்மேல் நகருங்கள்.

2. மெயினை அணையுங்கள்

ஆஸ்திரேலியாவில் 2009-ல் அரசு செலவில் வீட்டுக்கூரைகளுக்கு வெப்பத்தடுப்பு போடும் திட்டம் அவசர அவசரமாகத் தொடங்கியது. சில மாதங்களுக்குள் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள்: மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்கடி வெப்பத்தால். 2013-ல் விசாரணை ஆணையமே அமைக்க வேண்டி வந்தது. வெப்பத்தடுப்பு ஃபாயிலை ஸ்டேப்ளர் பின் கொண்டு அடிக்கும்போது பின் ஒரு வயரில் இறங்கினால், ஃபாயில் முழுக்கக் கரண்ட் பாயும். ஃபேன் சுவிட்சை அணைத்தால் போதாது. மெயினை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

3. காலை பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள்

டிசம்பர், ஜனவரி இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள். ஏப்ரலில்தான் செய்தாக வேண்டுமென்றால், வெளிச்சம் வந்ததும் தொடங்கி வெயில் ஏறும் முன் முடியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கீழே வந்து உப்புப் போட்ட மோர் குடியுங்கள். தலை சுற்றினாலோ குமட்டினாலோ வேலை அன்றைக்கு அதோடு சரி. தனியாக ஏறாதீர்கள், கீழே ஒருவர் பேச்சுக் கொடுத்தபடி இருக்கட்டும்.

4. அரிப்புக்கு வழி விடாதீர்கள்

வெப்பத்தடுப்புக்குப் போடும் கிளாஸ் ஊல் இழை குத்தும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே: கையுறை முடிந்து சட்டைக்கை தொடங்கும் மணிக்கட்டு, காலர் உரசும் பின்கழுத்து, பெல்ட் இறுக்கும் இடுப்பு. தொளதொளப்பான முழுக்கைச் சட்டை போட்டு, கைமுனையைக் கையுறைக்குள் செருகி டேப் சுற்றுங்கள். கண்ணாடியும் என்95 மாஸ்க்கும் கட்டாயம்; தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது. முடிந்ததும் சொறியாமல், தேய்க்காமல், முதலில் குளிர்ந்த நீரை ஊற்றிக் கழுவுங்கள். அந்தத் துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

தலைக்கு மேலே கை தூக்கியே செய்யும் வேலை இது. தோளும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். ஏணியின் நுனியில் நின்று எட்டுவதைவிட, உறுதியான ஸ்டாண்டில் பலகை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். துண்டுகளைக் கீழேயே அளந்து வெட்டிக்கொண்டால் மேலே நிற்கும் நேரம் குறையும்.

5. எல்லாச் சந்துகளையும் அடைக்காதீர்கள்

தூசியும் கொசுவும் குளிரும் வரும் சந்துகளை ஃபோமாலும் சிலிகானாலும் அடையுங்கள். ஆனால் அடுப்பு எரியும் இடத்தில் காற்று வந்துபோகும் வழியை விட்டுவையுங்கள். கேஸ் கீசர் உள்ள குளியலறையில் வென்டிலேட்டரை ஒருபோதும் மூடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தெர்மாகோல் எளிதில் தீப்பிடித்து நச்சுப் புகை கக்கும். அடுப்புக்கு மேலும் வயருக்கு அருகிலும் வேண்டாம். ஃபாயில் பபிள் ஷீட்டைக் கூரை ஷீட்டோடு ஒட்டிவிடாமல் ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளி இருந்தால்தான் ஃபாயில் வெப்பத்தைத் திருப்பும்.

6. கூலிக்குச் செய்யத் தொடங்கினால்

கை திருந்தியதும் பக்கத்து வீட்டார் கூப்பிடுவார்கள். ரேட் பேசும்போதே மாஸ்க், கையுறை, பெல்ட்டுக்கான பணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் கர்நாடகக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியலாம். வேலை செய்த நாள்களை எழுதிவையுங்கள். சிமெண்ட் ஷீட்டில் துளை போடச் சொன்னாலோ, மெயினை அணைக்க மறுத்தாலோ அந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரிவதும் தொழில் கற்றதில் சேர்த்திதான்.