ஊட்டிக்குப் போகிறீர்களா? சாப்பாட்டுக் கணக்கை வீட்டிலேயே போடுங்கள்

குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பினால் அறை வாடகையும் வண்டிச் செலவும் முன்கூட்டியே தெரிந்துவிடும். சாப்பாட்டுச் செலவுதான் கைக்கு அடங்காது, அதுவும் ஏப்ரல், மே சீசனில். அதற்காகப் பிள்ளைகளை அரைவயிறாக அலையவிடாதீர்கள். குளிரில் பசி கூடுதலாகவே எடுக்கும். பசிக்கும் முன்பே எங்கே சாப்பிடுவது என்று தீர்மானித்துவிட்டால் போதும், வயிறாரச் சாப்பிட்டும் மிச்சம் பிடிக்கலாம்.

முதல் நாளுக்குக் கட்டுச்சோறுதான். நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறிய புளியோதரை இரவு வரை தாங்கும். மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லியும் அப்படியே. தயிர்சாதம் எடுத்துப்போவதானால் குழைந்த சோற்றில் காய்ச்சிய பாலை நிறைய விட்டு, ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்துகொள்ளுங்கள். மதியத்துக்குள் பதமாக உறைந்திருக்கும், புளிக்காது. தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ச் சாதமும் வேண்டாம், சமவெளி வெயிலிலேயே கெட்டுவிடும். கட்டுவதற்கு வாழையிலையோ எவர்சில்வர் டப்பாவோ போதும்.

மேட்டுப்பாளையத்தில் காலை டிபனை முடித்துக்கொள்ளுங்கள். மேலே ஏற ஏற விலையும் ஏறும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பூரியும் வடையும் வாங்கிக் கொடுத்தால் பாதி வழியிலேயே வாந்தி எடுப்பார்கள். இரண்டு இட்லி போதும், கட்டுச்சோற்றை மலை ஏறிய பிறகு பிரியுங்கள். மலை ரயிலில் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு இன்னும் முக்கியம். காலை 7.10க்குக் கிளம்பும் ரயில் ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும். கையில் சாப்பாடு இருக்கட்டும். வழியில் வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிறவர்கள் குரங்குகளுக்குப் பொட்டலத்தைக் காட்டாதீர்கள். அவற்றுக்கு எதையும் போடவும் கூடாது. நாம் பழக்கிவிட்ட குரங்குதான் அடுத்த குழந்தையின் கையிலிருந்து பிடுங்குகிறது.

தண்ணீரைத்தான் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போங்கள். காலையில் விடுதியில் வெந்நீர் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம். வெளியே பல இடங்களில் நாணயம் போட்டுப் பிடிக்கும் தண்ணீர் இயந்திரங்களும் உண்டு. ஒரு பெரிய பிளாஸ்கில் வெந்நீரும், கூடவே சர்க்கரை, டீ பைகளும் இருந்தால், படகு இல்லத்திலும் தொட்டபெட்டாவிலும் மணிக்கொரு தரம் குடிக்கும் டீச் செலவு பெருமளவு குறையும்.

அறையில் சமைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் சாதாரணப் பாத்திரத்தில் சோறு வேக நேரம் ஆகும், பருப்பு எளிதில் வேகாது. சமையலறையுள்ள காட்டேஜ் எடுத்தால் வீட்டுப் பிரஷர் குக்கரை மறக்காமல் கொண்டுபோங்கள். உழவர் சந்தையில் காலையிலேயே போய் கேரட், பீன்ஸ், பட்டாணி வாங்கினால் ஒரு குருமாவுக்கு ஆகிவிடும். அந்தக் கேரட்டின் ருசிக்காகவே போகலாம். வெறும் அறை என்றால் அடுப்பு பற்றவைக்காதீர்கள், பல விடுதிகளில் அதற்கு அனுமதி இல்லை. அவலை வெந்நீரில் ஊறவைத்து வெல்லமும் பழமும் சேர்த்தால் காலைப் பலகாரம் தயார்.

மதியத்துக்குப் பார்சல் சாப்பாடு நல்ல வழி. பல ஓட்டல்களில் ஒரு பார்சலில் கட்டும் சோறு ஒரு பெரியவருக்கும் ஒரு சிறு பிள்ளைக்கும் போதும். சாம்பார், ரசம், கூட்டு எல்லாம் சேர்ந்தே வரும். உட்கார்ந்து சாப்பிடுவதானால் அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்று கேட்டு, பிள்ளைகளுக்கு அளவுச் சாப்பாடு சொல்லுங்கள். வாடகை வண்டி என்றால் டிரைவரிடம் “எங்கே சாப்பிடலாம்?” என்று கேட்பதைவிட, “அண்ணே, நீங்க தனியா வந்தா எங்க சாப்பிடுவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் பேருந்து நிலையத்தையோ மார்க்கெட்டையோ ஒட்டிய மெஸ்ஸாக இருக்கும். அவரையும் கூட உட்காரவைத்துச் சாப்பிடுங்கள். நாள் முழுக்க மலைப்பாதையில் உங்கள் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோகிறவர் அவர்.

பில்லைப் பார்த்தே பணம் கொடுங்கள். சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் அறைகளுள்ள பெரிய விடுதிகளின் உணவகத்தில் 18 விழுக்காடு. சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யலாம்.

இப்படி மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு வேளை மட்டும் மனசாரச் செலவழியுங்கள். கடைசி நாள் ராத்திரி வேண்டாம், எல்லோரும் களைத்திருப்பார்கள். இரண்டாம் நாள் மதியம், நல்ல உணவகம் ஒன்றில் முன்பே சொல்லிவைத்து, பிள்ளைகள் கேட்டதை வாங்கிக் கொடுங்கள். வர்க்கியும் சாக்லேட்டும் வாங்குவதை ஊருக்குத் திரும்பும் நாளுக்குத் தள்ளிவையுங்கள். முதல் நாளே வாங்கினால் அறையிலேயே தீர்ந்து, மறுபடி வாங்க நேரிடும்.